4,500 டன் இரும்பு தண்ணீரில் மிதப்பது எப்படி? பேராக்கின் ஈயக் கப்பல் சொல்லும் கணக்கு

பேராக், பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில், ஒரு குளத்தின் நடுவே மாடிக் கட்டடம் போல நிற்கிறது ஓர் இரும்புக் கப்பல். அதன் பெயர் தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பல் எண் 5. சுருக்கமாக டிடி5. 1938-இல் கட்டப்பட்ட இதன் எடை 4,500 டன்.

ஒரு சின்ன ஆணியைத் தண்ணீரில் போட்டால் உடனே மூழ்கிவிடுகிறது. 4,500 டன் மட்டும் எப்படி மிதக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த விதமும், ரப்பர் தோட்டத்தில் உங்கள் தாத்தா பாட்டியின் சம்பளம் முடிவான விதமும் புரியும். உங்கள் வீட்டு பழைய கேட்டை விற்கும்போது தராசு சரியாகத்தான் காட்டுகிறதா என்பதையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எடை வேறு, அடர்த்தி வேறு

'ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா?' சின்ன வயதில் யாராவது உங்களிடம் இதைக் கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே கிலோதான். ஆனாலும் மனசு 'இரும்பு' என்று சொல்லத் துடிக்கும். மனசு சொல்வது முழுத் தவறும் இல்லை. அது எடையை நினைக்கவில்லை, அடர்த்தியை நினைக்கிறது.

எடை என்பது உங்களிடம் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓர் ஊசியும் இரும்பு, ஒரு பாலமும் இரும்பு. ஒன்றின் எடை ஒரு கிராம்கூட வராது, இன்னொன்று நூற்றுக்கணக்கான டன். ஆகவே 'இரும்பின் எடை என்ன?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது.

'ஒரே அளவு இடத்தில் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது?' என்று கேட்டால் பதில் உண்டு. அதுதான் அடர்த்தி. பள்ளியில் மலாய்மொழியில் 'கெதும்பாத்தான்' என்று படித்திருப்பீர்கள். ஊசியாக இருந்தாலும் பாலமாக இருந்தாலும் சுத்தமான இரும்பின் அடர்த்தி ஒன்றுதான்: கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம்.

கண் முன்னே கொண்டுவர இப்படி யோசியுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இருக்கும் தண்ணீரின் எடை ஒன்றரை கிலோ. அதே அளவுக்கு இரும்பை வார்த்தால் கிட்டத்தட்ட 11.8 கிலோ. பத்து லிட்டர் வாளி அளவு இரும்பு என்றால் 78.7 கிலோ, அதாவது நல்ல உடம்பு உள்ள ஒரு பெரியவரின் எடை. வாளியின் கைப்பிடி முதலில் கழன்றுவிடும்.

மற்றப் பொருள்களோடு ஒப்பிட்டால்?

கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில், நாம் அடிக்கடி பார்க்கும் சில பொருள்களின் அடர்த்தி, தோராயமாக:

- ரப்பர்: 0.92
- தண்ணீர்: 1.00
- வெள்ளை மணல்: 2.65
- அலுமினியம்: 2.70
- துத்தநாகம்: 7.14
- ஈயம், அதாவது வெள்ளீயம்: 7.3
- இரும்பு: 7.87
- செம்பு: 8.96
- காரீயம்: 11.34
- பாதரசம்: 13.5
- தங்கம்: 19.3

இதில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. மலேசியத் தமிழில் 'ஈயம்' என்றால் நமக்கு பேராக்கில் கிடைத்த உலோகம், அதாவது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தில் செய்வதுதான். காரீயம் வேறு உலோகம், உடலுக்கு நஞ்சு. ஒரே அளவுள்ள துண்டுகளைக் கையில் எடுத்தால் காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனக்கும்.

பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரும்பு தண்ணீரில் மூழ்கும். ஆனால் பாதரசத்தில் போட்டால் மிதக்கும். மூழ்குவதா மிதப்பதா என்பதை இரும்பு மட்டும் முடிவு செய்வதில்லை. எதற்குள் போடுகிறோம் என்பதும் முக்கியம்.

இரும்பு ஏன் இவ்வளவு அடர்த்தி?

அலுமினியத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். இரண்டு காரணங்கள்.

ஒன்று, இரும்பு அணு ஒவ்வொன்றும் அலுமினிய அணுவைவிட சுமார் 2.1 மடங்கு கனம். இரண்டு, இரும்பு அணு கொஞ்சம் சிறியது. அதனால் ஒரே இடத்தில் அலுமினிய அணுக்களைவிட சுமார் 1.4 மடங்கு அதிக இரும்பு அணுக்கள் நெருக்கி உட்கார்ந்துகொள்ளும். 2.1-ஐ 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.9. ஒரே அளவுள்ள இரும்புச் சட்டியும் அலுமினியச் சட்டியும் இருந்தால், இரும்பு சுமார் மூன்று மடங்கு கனப்பது இதனால்தான்.

சரி, கப்பல் எப்படி மிதக்குது?

டிடி5-இன் கீழே ஒரு பெரிய மிதவை இருக்கிறது. நீளம் 75 மீட்டர், அகலம் 35 மீட்டர், ஆழம் 3 மீட்டர். உள்ளே பெரும்பாலும் காற்றுதான்.

இந்த மூன்றையும் பெருக்கினால் 7,875 கன மீட்டர். இவ்வளவு பெரிய இடம் முழுவதும் இரும்பாக இருந்தால் எடை கிட்டத்தட்ட 62,000 டன் வந்திருக்கும். ஆனால் கப்பலின் எடை 4,500 டன்தான். அந்த இரும்பை எல்லாம் உருக்கி ஒரே கட்டியாக வார்த்தால், பக்கத்துக்கு 8.3 மீட்டர் உள்ள ஒரு சதுரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டியைக் குளத்தில் போட்டால் ஆணி மாதிரியே நேராக அடிக்குப் போகும்.

ஆனால் அதே இரும்பைத் தகடாக்கி, பெட்டியாக்கி, உள்ளே காற்றை வைத்தால் கதை மாறுகிறது. 4,500 டன்னை 7,875 கன மீட்டரால் வகுத்தால் சராசரி அடர்த்தி 0.57. இது தண்ணீரின் 1.00-ஐவிடக் குறைவு. அதனால் மிதக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்.

எவ்வளவு ஆழம் தண்ணீருக்குள் போகும் என்பதையும் கணக்கிடலாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். 4,500 டன் கப்பல் 4,500 கன மீட்டர் தண்ணீரை ஒதுக்க வேண்டும். மிதவையின் பரப்பு 2,625 சதுர மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சுமார் 1.7 மீட்டர். வாளிச் சங்கிலி இறங்குவதற்காக மிதவையில் விட்டிருக்கும் இடைவெளியைக் கழித்தால், உண்மையில் இன்னும் கொஞ்சம் ஆழமாகவே இறங்கும். ஆனாலும் மூன்று மீட்டரில் கணிசமான பகுதி வெளியே நிற்கும்.

இந்தக் கணக்கிலேயே கப்பலின் பலவீனமும் தெரிகிறது. மிதவையில் ஓட்டை விழுந்தால், உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் தண்ணீரும் ஒரு டன் எடை கூட்டும். எடை ஏற ஏற 0.57 மெல்ல 1.00-ஐ நோக்கி நகரும்.

ஈயம் எடுத்ததும் அதே விதிதான்

டிடி5 ஒரு மிதக்கும் தொழிற்சாலை. முன்பக்கம் சங்கிலியில் கோத்த எஃகு வாளிகள் குளத்தின் அடிமண்ணைத் தோண்டி மேலே கொண்டுவரும். சுழலும் பெரிய சல்லடை கல்லையும் வேரையும் பிரித்துவிடும். மீதி மணலும் தாதுவும் தண்ணீரோடு சேர்ந்து, மேலும் கீழும் துடிக்கும் தொட்டிகளுக்குப் போகும். கனமான ஈயத் தாது அடியில் தங்கும். லேசான மணல் தண்ணீரோடு பின்பக்கமாக வெளியே போகும்.

எதற்குத் தண்ணீர்? ஈயத் தாதுவின் அடர்த்தி ஏறக்குறைய 7. மணல் 2.65. தரையில் வைத்தால் ஒரே அளவு துண்டுகளில் தாது 2.6 மடங்கு கனம். தண்ணீருக்குள் போனதும் இரண்டிலிருந்தும் தண்ணீரின் 1 கழிந்துவிடும். தாது 6, மணல் 1.65. இப்போ வித்தியாசம் 3.6 மடங்கு. தண்ணீர் கழுவுவது மட்டுமில்லை, வித்தியாசத்தைப் பெரிதாக்கியும் காட்டுகிறது.

இதே வேலையைக் கையால் செய்தவர்களும் உண்டு. 'டூலாங்' எனும் குழிந்த மரத்தட்டில் ஆற்று மணலை அள்ளி, தண்ணீரில் சுழற்றி ஈயம் எடுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று அவர்கள் செய்ததும், 4,500 டன் இயந்திரம் செய்ததும் அடிப்படையில் ஒன்றே.

ஆனால் அடர்த்தியால் மட்டும் எல்லாம் பிரியாது. ஈயத்தோடு சேர்ந்து அடியில் தங்கும் மற்றக் கனமான மணலை 'அமாங்' என்பார்கள். அதில் இல்மனைட் போன்ற, இரும்பு கலந்த கறுப்புத் தாதுக்கள் உண்டு. அவற்றைப் பிரிக்க பலமான காந்தத்தைப் பயன்படுத்தினார்கள். இரும்பு கலந்தது காந்தத்தின் பக்கம் போகும், ஈயத் தாது போகாது. அடர்த்தி கைவிட்ட இடத்தில் இரும்பின் இன்னொரு குணம் கைகொடுத்தது.

டிடி5 1982-இல் வேலையை நிறுத்தியது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஒரு தலைமுறையின் பிழைப்பு அதோடு முடிந்தது.

தோட்டத்தில் அடர்த்தி என்றால் சம்பளம்

உங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்ததா? அப்படியென்றால் மிதக்கும் விதி உங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை.

பால்மரம் வெட்டி, வாளியில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வந்தால், கிராணி பாலை நிறுப்பார். அதோடு முடியாது. 'மெட்ரோலாக்' என்ற ஒரு கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதன் தண்டில் இருக்கும் கோட்டைப் படிப்பார். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. பாலில் ரப்பர் அதிகம் இருந்தால் பாலின் அடர்த்தி குறையும், கருவி ஆழமாக இறங்கும். தண்ணீர் அதிகம் இருந்தால் கருவி மேலே எழும்பும்.

எதற்காக இவ்வளவு? தோட்டத்துக்கு வேண்டியது பால் இல்லை, அதில் இருக்கும் காய்ந்த ரப்பர். 20 கிலோ பாலில் 35 விழுக்காடு ரப்பர் என்றால் 7 கிலோ. 30 விழுக்காடு என்றால் 6 கிலோ. வாளி ஒன்றுதான், சுமை ஒன்றுதான், நடந்த தூரமும் ஒன்றுதான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு கிலோ குறையும். மழைத்தண்ணீர் கலந்த நாளில் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க, வெட்டுக்காரர்கள் கிராணியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றதற்கு இதுதான் காரணம்.

4,500 டன் கப்பல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும், மெட்ரோலாக் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதும் ஒரே கணக்கு.

இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு: மூன்றும் ஒன்றா?

பேச்சில் எல்லாமே 'இரும்பு'தான். ஆனால் சுத்தமான இரும்பை நீங்கள் தினமும் பார்ப்பது அரிது. அது மென்மையானது, கத்திக்கு ஆகாது.

இரும்பில் கொஞ்சம் கரி, அதாவது கார்பன், சேர்ந்தால் எஃகு. பொதுவாக இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கும். கட்டடக் கம்பி, பாராங் கத்தி, தண்டவாளம் எல்லாம் எஃகு. சாதாரண எஃகின் அடர்த்தி 7.85, இரும்புக்கு மிக நெருக்கம். பழந்தமிழகத்தில் செய்த உயர்ந்த கரியுள்ள எஃகு மேற்கு ஆசியா வரை போய், வாள் செய்யப் பயன்பட்டது. தமிழில் எஃகுக்கு 'உருக்கு' என்றும் பெயர் உண்டு.

கரி இரண்டு முதல் நான்கு விழுக்காடு வரை இருந்தால் வார்ப்பிரும்பு. தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைத் தட்டையாக்கிய கனமான உருளைகள் இந்த வகை. அடர்த்தி சுமார் 7.2. குறைவதற்குக் காரணம், உள்ளே துகள் துகளாக இருக்கும் லேசான கரி. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் கீழே போட்டால் வளையாது, உடையும். வார்ப்பிரும்பு தோசைக்கல்லைக் கைதவறவிட்டவர்களுக்கு இது தெரியும்.

தோசைக்கல்லும் தண்டவாளமும்

தோசைக்கல் என்றாலே இரும்புதான் வேண்டும் என்று அம்மா சொல்வதற்கு அடர்த்தியும் ஒரு காரணம்.

ஒரு கிராம் அலுமினியம், ஒரு கிராம் இரும்பைவிட இரண்டு மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். அப்போ அலுமினியம்தானே நல்லது? இல்லை. ஒரே அளவு, ஒரே தடிப்பு உள்ள கல்லை எடுத்தால், இரும்புக் கல்லில் மூன்று மடங்கு கிராம் இருக்கிறது. மொத்தத்தில் இரும்புக் கல் சுமார் 45 விழுக்காடு அதிகச் சூட்டைச் சேமிக்கும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல் சட்டென்று ஆறாது. தோசை முறுகும்.

ஆனால் சூடு பரவும் வேகத்தில் அலுமினியம் சுமார் மூன்று மடங்கு முன்னே. அதனால்தான் இரும்புக் கல் நடுவில் சுட்டும், ஓரத்தில் வெள்ளையாகவும் தோசை தரும். அடுப்பைக் குறைத்து, கல்லை நிதானமாகக் காயவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும்.

சூட்டில் இரும்பு நீளவும் செய்யும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் காலையில் 25 டிகிரியில் இருந்து மதிய வெயிலில் 55 டிகிரிக்குப் போனால், தடுக்க எதுவும் இல்லாதபட்சத்தில் சுமார் 36 சென்டிமீட்டர் நீளும். பழைய பாதைகளில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டது இதற்காகத்தான். 'தடக் தடக்' சத்தம் அந்த இடைவெளியில் இருந்து வந்தது. நவீனப் பாதைகளில் தண்டவாளத்தை நீளமாக ஒட்டவைத்து, அடியில் இறுகப் பிடித்து, நீளவிடாமல் செய்கிறார்கள்.

இந்த நாட்டின் முதல் ரயில் பாதையும் பேராக்கில்தான். 1885 ஜூன் 1-ஆம் தேதி, ஈயம் கொண்டுபோவதற்காக தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டது. போர்ட் வெல்டுக்கு இன்றைய பெயர் கோல செபெத்தாங். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்தது. இன்று பயன்படும் தண்டவாளங்களில் ஒரு மீட்டர் 54 கிலோ, 60 கிலோ எடையுள்ளவை உண்டு. ஒரு மீட்டரைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும்.

துரு: இரும்பின் பெரிய எதிரி

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள் சேர்ந்து வேண்டும்: தண்ணீர், ஆக்சிஜன். ஒன்று இல்லாவிட்டாலும் துரு வராது. ஈப்போ மழைக்கு இரண்டும் தாராளம்.

துரு எடையைக் குறைக்கும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கிலோ இரும்பு முழுவதும் இரும்பு ஆக்சைடாக மாறினால் 1.43 கிலோ ஆகும். ஆனால் அந்த எடைக்குப் பலம் இல்லை. பொருக்காக உதிர்ந்துவிடும்.

துரு இடத்தையும் அதிகம் பிடிக்கும், இரும்பைவிடப் பல மடங்கு. பழைய வீட்டின் சிமெண்டுத் தூண் வெடித்து, உள்ளே கம்பி தெரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியிலிருந்து யாரும் உடைக்கவில்லை. உள்ளே கம்பி துருவாகி, வீங்கி, சிமெண்டைத் தள்ளியிருக்கிறது. இதைச் சிமெண்டு பூசி மறைத்தால் போதாது. கம்பியை ஆளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

துருவைத் தடுக்க வழிகள் உண்டு. ஒன்று, பெயிண்ட். கோலகங்சார் அருகே பேராக் ஆற்றின் மேல் 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா ரயில் பாலம் போன்ற பழைய இரும்பு வேலைப்பாடுகள் நிற்பது தொடர்ந்த பராமரிப்பால். இன்னொன்று, வேறு உலோகத்தைப் பூசுவது. லயத்து வீட்டின் கூரையை 'ஜிங்க்' என்போம். அது முழுக்கத் துத்தநாகம் இல்லை. இரும்புத் தகடு, மேலே மெல்லிய துத்தநாகப் பூச்சு. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும்.

மூன்றாவது பூச்சு, ஈயம். பால் டின், மத்தி டின் எல்லாம் எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயம் பூசியவை. உலகம் டப்பா உணவுக்கு மாறிய காலத்தில்தான் மலாயா ஈயத்துக்கு அவ்வளவு தேவை வந்தது. டூலாங் பெண்களும், ஈயக் கப்பல் தொழிலாளர்களும் தோண்டி எடுத்ததில் பெரும்பங்கு எங்கோ ஓர் இரும்புத் தகட்டைத் துருவிலிருந்து காக்கப் போனது.

ஈயம் எடுத்த கப்பலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை நின்ற பிறகு டிடி5-இன் மிதவையில் கசிவு வந்து, கப்பல் சாய்ந்தது. பழுதுபார்த்து நிமிர்த்தி, இப்போ மக்கள் பார்க்கும் இடமாக வைத்திருக்கிறார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஓடிய மற்றக் கப்பல்கள் பல, உடைத்து பழைய இரும்பாக விற்கப்பட்டன. துருவைச் சுரண்டி, தகட்டை மாற்றி, பெயிண்ட் அடிக்கும் வேலை ஒருபோதும் முடியாது. நிறுத்தினால் இந்தக் கப்பலும் போய்விடும்.

பழைய இரும்பு விற்கப் போறீங்களா? முதலில் கணக்கு

'பெசி புரோக்' லோரி உங்கள் தாமானுக்கும் வரும். கேட், ஜன்னல் கிரில், உடைந்த சைக்கிள் எல்லாம் போகும். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் தாத்தாவோ பாட்டியோதான் விற்பார்கள். அவர்களுக்கு நீங்கள் உதவலாம். இந்த நான்கு கணக்கு போதும்.

- தகடு: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒரு மில்லிமீட்டர் தடிப்பு என்றால் 7.85 கிலோ. தடிப்பு மூன்று மில்லிமீட்டர் என்றால் மூன்று மடங்கு, சுமார் 23.5 கிலோ.
- உருண்டைக் கம்பி: குறுக்களவை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பி என்றால் 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.89 கிலோ. ஆறு மீட்டர் கம்பி 5.3 கிலோ.
- உள்ளே வெற்றிடமான சதுரக் குழாய்: 25 மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் மீட்டருக்கு சுமார் 0.9 கிலோ. உங்கள் கேட்டில் இப்படி 40 மீட்டர் குழாய் இருந்தால் 36 கிலோ வர வேண்டும்.
- அலுமினியமா என்ற சந்தேகம்: ஒரே அளவுக்கு இரும்பின் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். அலுமினியத்தின் விலை வேறு. இரும்போடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண இரும்பும் எஃகும் ஒட்டும். அலுமினியம், செம்பு, பித்தளை ஒட்டாது. எவர்சில்வரில் ஒரு விஷயம் கவனம். சமையல் பாத்திரத்தில் அதிகம் பயன்படும் 304 வகை எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அடர்த்தி 8-ஐ ஒட்டி இருப்பதால் கையில் நல்ல கனம் தெரியும். காந்தமும் கையும் சேர்ந்து சோதித்தால் அலுமினியத்தோடு குழம்பாது.

உங்கள் கணக்கும் தராசும் பத்து விழுக்காடு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. துருவும் பெயிண்டும் பற்றவைத்த இடங்களும் அவ்வளவு வித்தியாசம் காட்டலாம். 36 கிலோ வர வேண்டிய கேட் 22 கிலோ என்று காட்டினால் மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு 1972-ஆம் ஆண்டு எடைகள், அளவுகள் சட்டத்தின்படி சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். அந்த முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தோட்டத்தில் மெட்ரோலாக்கின் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி ஒருவர்தான். அவர் சொன்னதே கணக்கு. உங்கள் கையில் ஓர் அளவு டேப்பும், தொலைபேசியில் கால்குலேட்டரும், 7.85 என்ற எண்ணும் இருக்கிறது. லோரி வருவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.